நூற்று இருபத்தேழு பல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள். அவள் சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும். நூற்று இருபத்தேழும் நூற்று இருபத்தெட்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைத்தவன் நான். நினைத்ததோடு நின்றிருந்தால் மன்னிக்கலாம். அந்த நினைப்பை வைத்து ஒரு பல்சக்கரம் செய்தேன். அந்தச் சக்கரத்தை வைத்து ஒரு திருகுத் தண்டு கடைந்தேன். அந்தத் தண்டை எடுத்துக்கொண்டு போய், பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு பெரியவரின் கண் முன்னால், மூன்றே முக்கால் சுற்றில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

முத்தியால்பேட்டையில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு லேத், துளை போட ஒரு மிஷின், ஒரு ஸ்டூல். ஸ்டூலில் வாடிக்கையாளர் உட்கார்ந்தால் நான் நிற்க வேண்டும். கணக்கு எனக்கு எந்த அளவுக்கு வரும் என்றால், பத்தாம் வகுப்பில் நான் பாஸானதைக் கேட்ட கணக்கு வாத்தியார், விடைத்தாளைத் திருத்தியவரை நினைத்து வருத்தப்பட்டார்.

லேத் இங்கிலாந்தில் செய்தது. பிரெஞ்சுக்காரன் மில்லிமீட்டரில் அளந்து ஆண்ட ஊருக்குள் இந்த அங்குல லேத் எப்படி நுழைந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ஏதோ ஓர் ஆலைக்குள் நுழைந்தது, ஆலை மூடியது, பழைய இரும்பாக வெளியே வந்தது, என்னிடம் சேர்ந்தது. அதோடு ஒரு மரப்பலகையும் வந்தது. பலகை நிறைய ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பல்சக்கரம், மேலே வெள்ளைப் பெயின்டில் எத்தனை பல் என்ற எண். 20, 25, 30 என்று ஐந்தைந்தாக ஏறி 120 வரை போகும். கடைசி ஆணிக்கு மேல் மட்டும் ஒழுங்கில்லாமல் 127 என்று எழுதியிருக்கும். அந்த ஆணி காலி. சக்கரம் எனக்கு முன்பே எங்கோ தொலைந்துவிட்டது. பதினெட்டு வருடமாக அதில் என் சட்டை தொங்கியது. ஆணி எதற்கு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. சட்டை மாட்ட வசதியாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, குருசுக்குப்பத்துப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் ஒரு சொல்தாவின் மனைவி. நாங்கள் இவரை மதாம் என்றும் இவர் கணவரை முசே என்றும் கூப்பிடுவோம். கையில் பழைய துண்டில் சுற்றிய இரும்புத் தண்டு, முழங்கை நீளம், இரண்டு துண்டாக.

“தம்பி, வெள்ளையடிக்கறதுக்குக் கட்டிலை நவுத்துனாங்க. இது வளைஞ்சி போச்சி. நிமித்தறன்னு ஒருத்தன் வந்தான், ஒடச்சிட்டுப் போயிட்டான். இதே மாதிரி ஒண்ணு செஞ்சித் தர முடியுமா?”

“இது என்னாது மதாம்?”

“கட்டில் தலமாட்டை ஏத்தி எறக்கற தண்டு. எம் பொண்ணு பிரான்ஸ்லேர்ந்து அனுப்புன கட்டில். அங்கேர்ந்து வேற தண்டு வரணும்னா ஆறு வாரம்னு சொல்றா.”

ஆறு வாரம் காத்திருக்க முடியாததன் காரணத்தையும் சொன்னார். பெரியவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, விழுங்குவதும் சிரமம். பாதி உட்கார்ந்தபடி வைத்துத்தான் சோறு கொடுக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு.

“படுத்துக்கினே குடுத்தா பொரை ஏறுது. முந்தாநாளு கஞ்சி எங்கியோ போயி, கண்ணு ரெண்டும் மேல சொருவிக்கிச்சி. மூணு தலகாணி வெச்சிப் பாத்தேன், நழுவிடுறாரு. ஆளு எவ்ளோ ஒயரம்னு தெரியுமில்ல?”

“வாடகைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் கிடைக்குமே, மதாம்.”

“அது வூட்டுக்குள்ள வந்தா தெருவுல தூக்கிப் போடுவாராம். கட்டிலையா என்னையான்னு கேட்டேன். ரெண்டையுந்தான்னாரு.”

டாக்டர் வேறென்ன சொன்னார் என்று கேட்டேன். “சின்னச் சின்ன வாயா குடுக்கணும். சாப்புடறப்ப பேசக் கூடாது. அது ஒண்ணுதான் அவரு சுளுவா கேக்கறது. வூட்டுல பேச ஆளு ஏது.”

தண்டை அளந்தேன். தண்டைச் சுற்றி ஏறும் திருகு வரியை மரை என்போம். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் சரியாக ஐந்து மில்லிமீட்டர். மாலையில் மொபெட்டில் போய்க் கட்டிலையும் குனிந்து பார்த்தேன். தண்டு நுழையும் பித்தளை நட்டைக் கட்டிலின் வயிற்றுக்குள்ளேயே வார்த்துப் பதித்திருந்தார்கள். கழற்ற வழியில்லை. ஆகவே என் இஷ்டத்துக்கு ஒரு தண்டும் அதற்கேற்ற நட்டும் செய்து தப்பிக்க முடியாது. அந்த நட்டுக்குள் பன்னிரண்டு மரை. பன்னிரண்டும் ஒத்துக்கொண்டால்தான் பெரியவர் எழுந்து உட்கார முடியும்.

முதலில் மானத்தோடு ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன். ஊருக்கு வெளியே கம்ப்யூட்டர் லேத் வைத்திருக்கும் ஒரு தெரிந்த பையனிடம், பையன் என்றால் நாற்பது வயது, கொண்டு போய்க் காட்டினேன்.

“ஒத்தப் பீஸுக்கு மிஷின நிறுத்த முடியாதுண்ணே. அம்பது பீஸ் குடு, நாளைக்கே தரேன்.”

“ஒரு ஆளு அம்பது கட்டில்ல படுக்க முடியாதுப்பா.”

“அப்ப மெட்ராஸ் கொண்டு போ. உன் லேத்துல இது வராது. இன்ச் லேத்துல மில்லிமீட்டர் மரை போட நூத்தி இருவத்தேழு பல்லு கியர் வேணும். உன்னாண்ட அந்த ஆணியில சட்டைதான இருக்கு?”

சட்டை விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தண்டைத் துண்டில் சுற்றினேன். இதே லேத்தில், இதே கையால் செய்யாமல் விடுவதில்லை என்று மொபெட்டிடம் சபதம் செய்தேன். மொபெட் கொஞ்சம் இருமிவிட்டுக் கிளம்பியது.

பட்டறைக்கு வந்து, லேத்தின் மேல் அறைந்திருந்த பித்தளைத் தகட்டைத் துடைத்தேன். லேத்தில் மாட்டுகிற சக்கரத்தைப் பொறுத்து மரையின் இடைவெளி மாறும். எந்த மரைக்கு எந்தச் சக்கரம் என்ற அட்டவணை அதில் இருக்கிறது. மில்லிமீட்டர் வரிசைகளைப் படித்தேன். ஒன்று, ஒன்றரை, இரண்டு, ஐந்து, எந்த வரியிலும் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது: 127. காரணம் கண்டுபிடிக்க என் மூளைக்கே அரை மணி நேரம் போதும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அப்படியானால் ஐந்து அங்குலம் 127 மில்லிமீட்டர். அங்குலமும் மில்லிமீட்டரும் முழு எண்ணாக முதன்முதலில் சந்திக்கும் இடம் அதுதான். இங்கிலாந்தும் பிரான்சும் கைகுலுக்க வேண்டுமானால் 127இன் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

சரி, 127ஐச் சுருக்கிவிடலாம் என்று பார்த்தேன். 120 பல்லுக்குப் பதில் 60, 60க்குப் பதில் 30 என்று சின்னச் சக்கரங்களாகப் பிரித்துப் போடுவது எங்கள் தொழிலில் தினசரி நடக்கிறது. 127ஐ இரண்டால் வகுத்தேன், மீதி ஒன்று. மூன்றால் வகுத்தேன், மீதி ஒன்று. ஐந்து, ஏழு, பதினொன்று, எதற்கும் மசியவில்லை. பதின்மூன்றிலிருந்து பார்க்கவே வேண்டாம். பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கினாலே 169, எண்ணைத் தாண்டிப் போய்விடும். ஆக, பகா எண். பள்ளிக்கூடத்தில் படித்தபோது இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். இதற்குத்தானாம்.

கடையில் வாங்கலாமே என்றால், அந்தக் காலத்துப் பல் அளவு இப்போது வருவதில்லை. நானேதான் செய்ய வேண்டும். செய்வதற்கு வட்டத்தை நூற்று இருபத்தேழு சம பங்காகப் பிரிக்க வேண்டும். பாதியாக்கலாம், பாதியைப் பாதியாக்கலாம். ஆனால் 127க்குப் பாதி கிடையாது. காம்பஸை வட்டத்தின் மேல் நடக்க விட்டேன். நூற்று இருபத்தாறு அடி ஒழுங்காக நடந்து வரும். கடைசி அடியில் ஒன்று பள்ளத்தில் விழும், இல்லை சுவர் ஏறும். காம்பஸைக் கொஞ்சம் அகட்டினால் அந்தக் கொஞ்சம் நூற்று இருபத்தேழு மடங்காகும்.

அப்போதுதான் பக்கத்து வீட்டைப் பார்த்தேன். 128. என்ன தங்கமான எண் அது. இரண்டு, நான்கு, எட்டு என்று ஏழு முறை பாதியாக்கினால் வட்டம் தானாகப் பிரிந்துவிடும். ஒரே ஒரு பல் கூட. நூற்று இருபத்தெட்டில் ஒன்று. யாருக்குத் தெரியப் போகிறது?

பித்தளை நட்டுக்குத் தெரிந்தது. இரண்டு நாள் உழைத்து, ஃபைபர் தகட்டில் 128 பல் வெட்டி, பளபளவென்று தண்டு கடைந்து எடுத்துப் போனேன். மதாம் கட்டிலருகே நின்றார். பெரியவர் மல்லாந்து கிடந்தபடி கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பியிருந்தார். தண்டு முதல் சுற்று வெண்ணெய் மாதிரி போனது. இரண்டாவது நல்ல நெய் மாதிரி. மூன்றாவது சுற்றில் பல்லைக் கடித்தது. மூன்றே முக்காலில் நின்றது. என் ஒவ்வொரு மரையும் ஒரு மயிரிழை குட்டை. மயிரிழைகள் ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்து நட்டின் சுவரில் போய் முட்டிக்கொண்டன. ஸ்பேனரை எடுத்து அழுத்தப் போனேன். அழுத்தியிருந்தால் நட்டும் போயிருக்கும், கட்டிலே போயிருக்கும்.

“தம்பி, வாணாம். சத்தமே சரியில்ல,” என்றார் மதாம்.

பெரியவர் கண்ணை மேலே மின்விசிறிக்குத் திருப்பிக்கொண்டார்.   வெளியே வந்து மொபெட்டை உதைக்கும்போது உள்ளே அவர் இருமுவது கேட்டது. மதாம் ஓடினார். அந்த இருமல் நிற்கும்வரை நான் வண்டியைக் கிளப்பவில்லை.

அன்று மதியம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி தையல்காரி. வீட்டு வாசலறைதான் அவள் கடை. நைட்டித் துணியை விரித்தவள் சொன்னாள்:

“சும்மாதான குந்திக்கினு இருக்கீங்க, டேப்பு முனையைப் புடிங்க. அம்பது இன்ச்சு.”

பிடித்தேன். பச்சை நிற டேப். மேல் ஓரத்தில் அங்குலம், கீழ் ஓரத்தில் சென்டிமீட்டர். என் கட்டைவிரல் 50இல் இருந்தது. விரலுக்கு அடியில், கோட்டுக்குக் கோடு நேராக, 127.

கல்யாணமான நாளாக நான் இந்த வீட்டில் டேப் முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நான் வட்டத்தோடு குஸ்தி போட்டுக்கொண்டிருந்த அந்த எண், பிரித்து, வரிசையாக, எண் போட்டு, சுருட்டி, இவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இது சரியான டேப்பா?”

“மத்த டேப்புல ரெண்டு பக்கமும் சேராது. இது சேரும். அதனாலதான் யாருக்கும் குடுக்கறதில்ல.”

அவள் சமையலறைக்குப் போன நேரத்தில் டேப்பை 127இல் வெட்டினேன். கேட்டுவிட்டு வெட்டியிருக்கலாம். கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

பட்டறைக்கு ஓடி, ஒரு பிளைவுட் வட்டத்தை லேத்தில் மாட்டி, ஓரத்தைச் சீவிச் சீவி, டேப்பை அதன் மேல் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். முனையும் முனையும் முத்தமிடும்வரை சீவ வேண்டும். ஆசையில் ஒரு சீவல் கூடப் போய், டேப் தொளதொளத்தது. நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, நாடாவாக வெட்டி, வட்டத்தின் ஓரத்தில் ஒட்டினேன். அன்றைய ராகுகாலத்தின் மேல் டேப் கச்சிதமாக உட்கார்ந்தது. இப்போது என்னிடம் நூற்று இருபத்தேழு சம பங்காகப் பிரிந்த ஒரு வட்டம். அதை லேத்தின் பின்பக்கம் மாட்டி, ஊசி ஒன்றை நிறுத்தி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு பல் என்று முன்பக்கத்தில் மாட்டிய புது ஃபைபர் தகட்டில் வெட்ட ஆரம்பித்தேன்.

நாலாவது பல்லில் மனைவி வந்தாள்.

“ஏங்க, பச்ச டேப்பப் பாத்தீங்களா?”

வட்டத்தைக் காட்டினேன். கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“அம்பதுக்கு மேல எங்க?”

“மேஜ மேல வெச்சிருக்கேன். பத்து இன்ச்சு இருக்கு.”

“பத்து இன்ச்ச வெச்சி நான் யாருக்கு அளவெடுக்கறது?”

“கழுத்துக்கு எடுக்கலாமில்ல?”

“எடுக்கறேன். ஒங்க கழுத்துக்கு.”

மதாம் வீட்டு இருமலைப் பற்றிச் சொன்னேன். வட்டத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசி ஒவ்வொரு கோட்டில் நிற்கும்போதும் எண்ணை வாய்விட்டுச் சொன்னாள். நான் வெட்டினேன். ஒரு பல்லுக்கு இருபது தடவை கைச்சக்கரத்தை இழுக்க வேண்டும். முழுதாக இரண்டு நாள். என் வலது தோள் மூன்றாம் நாள் என்னை விட்டுப் பிரிந்து தனிக்குடித்தனம் போகப் பார்த்தது. அவள் கடை அந்த இரண்டு நாளும் பூட்டியிருந்தது. கேட்டவர்களிடம் டேப் இல்லை என்றாள்.

வெட்டிக்கொண்டே அந்த எண்ணை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் 126, இரண்டுக்கும் மூன்றுக்கும் ஏழுக்கும் தலையாட்டுகிற எண். அந்தப் பக்கம் 128, பாதியாக்கப் பாதியாக்க மடங்கிக் கொடுக்கிற எண். நடுவில் இது, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, முடியாது என்கிறது. பெரிய பெரிய கம்ப்யூட்டர்களை வைத்துக் கோடிக்கணக்கான இலக்கமுள்ள பகா எண்களை உலகத்தில் தேடுகிறார்களாம். அப்படி அகப்பட்ட பெரிய எண்களில் பல ஒரே தினுசு: இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றைக் கழிப்பது. ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127. ஆக, என் எண்ணும் அந்த வம்சம்தான், ஏழை வீட்டுக் கிளை. எல்லாம் அப்படி அமைவதில்லை. பதினோரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. பார்த்தால் 127இன் அண்ணன் மாதிரி விறைப்பாகத்தான் இருக்கும். தோண்டிப் பார்த்தால் 23ஐ 89ஆல் பெருக்கி வந்த ஆள். விறைப்பாக இருப்பவனெல்லாம் வீரன் இல்லை. எனக்கும் அது பொருந்தும்.

விவரம் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். 127 இல்லாமலேயே, ஆணியில் இருந்த 35, 45, 40, 50 நான்கையும் ஒரு விதமாகக் கோத்தால் கிட்டத்தட்ட அதே அளவு வரும், நட்டும் ஏற்றுக்கொள்ளும். தெரியும். எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஒரு பழைய லேத்காரர் வந்து சொன்னார். அவருக்கு நான் டீ வாங்கிக் கொடுக்கவில்லை. கிட்டத்தட்ட என்ற சொல் அந்தக் கட்டிலருகே என் மானத்தை ஏற்கெனவே ஒருமுறை வாங்கியிருந்தது. இன்னொரு முறை விற்க என்னிடம் மானம் மீதி இல்லை. செய்தால் 127, இல்லாவிட்டால் மெட்ராஸ் என்றுதான் அன்று நின்றேன். இப்போது கேட்டாலும் அங்கேதான் நிற்பேன்.

புதுத் தண்டோடு போனபோது மதிய வேளை. ரசம் கொதிக்கும் வாசனை. பெரியவர் அதே இடத்தில், அதே மின்விசிறியின் கீழே, தலை தட்டையாக. என் மனைவியும் வந்திருந்தாள். தன் டேப் எங்கே போனது என்று பார்க்க வேண்டுமாம்.

எண்ணெய் தடவித் தண்டை நட்டுக்குள் விட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றே முக்காலில் என் கை தானாக நின்றது. தண்டு நிற்கவில்லை, நான்தான் நின்றேன்.

“சுத்துங்க,” என்றாள் மனைவி.

நாலு. ஐந்து. பன்னிரண்டையும் தாண்டிச் சத்தமில்லாமல் போனது. கைப்பிடியைப் பூட்டிச் சுற்றச் சுற்றக் கட்டிலின் தலைமாடு எழுந்தது. அதோடு பெரியவரின் நரைத்த தலையும் எழுந்தது. மின்விசிறியை விட்டு அவர் கண் இறங்கி, சுவருக்கு வந்து, ஜன்னலுக்கு வந்து, கடைசியில் என் முகத்துக்கு வந்தது. எத்தனை உயரமான மனிதர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மதாம் குழைந்த சோற்றில் ரசம் விட்டுப் பிசைந்து கொண்டுவந்தார். ஒரு சின்ன வாய். நாங்கள் மூன்று பேரும் அவர் தொண்டையையே பார்த்தோம். தொண்டை ஏறியது, இறங்கியது. இருமல் இல்லை. இரண்டாவது வாய். அதுவும் போனது. மதாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மெர்சி, தம்பி” என்று பிரெஞ்சில் நன்றி மட்டும் சொன்னார்.

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்ததா? கட்டிலின் விளிம்பைத் தட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“முசே, இது சாதாரணத் தண்டு இல்ல. இதுக்குள்ள நூத்தி இருவத்தேழுன்னு ஒரு நம்பரு ஒக்காந்திருக்கு. யாராலயும் பிரிக்க முடியாத நம்பரு. ரெண்டால வகுத்துப் பாருங்க, வராது. மூணால வகுத்துப் பாருங்க, வராது. அஞ்சால…”

பெரியவர் நன்றாக இருந்த வலது கையை, அணிவகுப்பை நிறுத்துவதுபோல், என் முகத்துக்கு நேரே உயர்த்தினார். வாயிலிருந்ததை அவசரப்படாமல் விழுங்கினார். பிறகு, கோணிப்போன உதட்டின் ஒரு பக்கத்தால் சொன்னார்:

“சாப்புடறப்ப பேசாத.”